நிற்காத வண்டிக்குச் சாப்பாடு

கோவிந்தாபுரத்தில் ஓட்டல் வைத்திருப்பவருக்கு ஆலோசனை சொல்ல இரண்டு மாநிலங்களிலிருந்தும் ஆள் வருகிறார்கள். சாப்பிடத்தான் வருவதில்லை.

ஊரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பொள்ளாச்சியிலிருந்து கொல்லங்கோடு, நெம்மாரா வழியாகத் திருச்சூர் போகிற சாலையில், தமிழ்நாடு முடிந்து கேரளம் தொடங்குகிற இடம். பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா, முதலமடை பஞ்சாயத்து. பரம்பிக்குளமும் இதே பஞ்சாயத்துதான். ஆனால் முதலமடைக்காரர் காரில் பரம்பிக்குளம் போகவேண்டுமென்றால் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, சேத்துமடை, டாப்ஸ்லிப் ஏறித்தான் போகவேண்டும். சொந்தப் பஞ்சாயத்துக்கே அடுத்த மாநிலம் சுற்றிப் போகிறவர்களிடம் எந்தக் காரியமும் நேராக நடக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

இந்த ஊரில்தான் என் மாமனார் ஓட்டல் வைத்தார். அவருக்குப் பிறகு மகன் நடத்துகிறான். அவன் என் மனைவிக்குத் தம்பி. நான் அவனை மாப்பிள்ளை என்பேன், அவன் என்னை மாமா என்பான். பொள்ளாச்சியில் சின்னச் சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறவன் நான். ஓட்டலின் கணக்கும் என்னிடம்தான். சம்பளமாக அவ்வப்போது மதியச் சாப்பாடு. வர வர, அந்த ஓட்டலில் தவறாமல் சாப்பிடுகிற ஒரே ஆள் நானாகிவிட்டேன். நானும் காசு கொடுப்பதில்லை.

மாமனார் காலத்தில் இப்படி இல்லை. அப்போது அங்கே வணிகவரிச் சோதனைச்சாவடி இருந்தது. ஒட்டன்சத்திரத்துக் காய்கறி, நாமக்கல் முட்டை, பொள்ளாச்சித் தேங்காய், வைக்கோல், செவ்வாயும் வியாழனும் சந்தை முடிந்து வருகிற மாடுகள் எல்லாம் லாரியில் வந்து வரிசையில் நிற்கும். பில்லைக் காட்ட வேண்டும், டிக்ளரேஷன் எழுத வேண்டும், ஆபீசர் சீல் வைக்க வேண்டும். ஆபீசர் சாப்பிடப் போயிருந்தால் டிரைவரும் சாப்பிடப் போவார். சர்வர் டவுன் என்றால் இன்னொரு டீ. தாளில் ஒரு எண் தப்பாக இருந்தால் ராத்திரிச் சாப்பாடும் நம் கடையில்தான். ஒரு லாரிக்கு எத்தனை சிக்கலோ அத்தனை வேளைச் சாப்பாடு.

லாரிகள் நின்றது மாமியாரின் சாம்பாருக்காக என்று மாமனார் கடைசிவரை நம்பினார். பாலக்காட்டுப் பக்கத்து முறையில் தேங்காயை வறுத்து அரைத்த சாம்பார். நல்ல சாம்பார்தான், மறுக்கவில்லை. ஆனால் பசியோடு ஓரிடத்தில் மூன்று மணி நேரம் நிறுத்திவைக்கப்பட்ட மனிதனுக்கு வெந்நீரில் மஞ்சள்பொடி கரைத்துக் கொடுத்தாலும் அது நல்ல சாம்பார்தான்.

2017 ஜூலை 1-ஆம் தேதி ஜிஎஸ்டி வந்தது. வணிகவரிச் சாவடி போயிற்று. அடுத்த ஏப்ரலில் மாநிலம் தாண்டும் சரக்குக்கு இ-வே பில் வந்து, மிச்சமிருந்த தாள்களும் செல்போனுக்குள் போய்விட்டன. மோட்டார் வாகனச் சாவடி, கலால் சாவடி, ஆடுமாடு பார்க்கிற சாவடி என்று மற்றவை இருந்தன. ஆனால் அவற்றில் வண்டி வேகம் குறைக்குமே தவிர, டிரைவர் இறங்கிக் கை கழுவும் அளவுக்கு நிற்காது. நாடு முழுக்கப் பத்திரிகைகள் லாரிகள் தங்குதடையின்றி ஓடுவதைப் பாராட்டி எழுதின. ஒரு லாரி தங்குதடையின்றி ஓடினால் சாலையோரம் எத்தனை இட்லி ஆறிப்போகும் என்று யாரும் எழுதவில்லை.

கல்லா இளைத்தது. குடும்பம் காரணம் தேடியது. திருஷ்டி என்றார்கள். புது மாஸ்டர் கைராசி என்றார்கள். எதிர்க்கடைக்காரர் எலுமிச்சம்பழம் உருட்டிவிட்டார் என்றுகூடச் சந்தேகம் வந்தது. நான் கணக்கு நோட்டைத் திறந்து ஜூன் மாத வரவையும் ஜூலை மாத வரவையும் விரல் வைத்துக் காட்டினேன். "ஏனுங் மாமா, ஜிஎஸ்டி நம்மள மாதிரி சின்னக் கடைக்கு இல்லேன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க?" என்றான் மாப்பிள்ளை. வருஷத்தில் 20 லட்சம் வரவு தாண்டினால்தான் ஓட்டல் அந்த வரிக்குப் பதிவு செய்யவேண்டும். வரவு குறைந்துகொண்டே போவதால், அவன் அந்தத் தொல்லையிலிருந்து நாளுக்கு நாள் பத்திரமாக விலகிக்கொண்டிருந்தான். 2024 செப்டம்பரில் கோயம்புத்தூர்க் கூட்டத்தில் ஒரு பெரிய ஓட்டல் முதலாளி, பன்னுக்கு வரியில்லை, உள்ளே கிரீம் வைத்தால் 18 சதவீதம் என்று நிதியமைச்சரிடமே கேட்டு நாடே சிரித்ததே, அந்த வீடியோவை மாப்பிள்ளை ஏக்கத்தோடு பார்த்தான். "கிரீம் வெக்கிற அளவுக்கு வந்துட்டாங்க பாருங்க மாமா" என்றான்.

வரிசைக்கு மாற்றாக ஹர்த்தால் கொஞ்சநாள் காப்பாற்றியது. கேரளத்தில் ஹர்த்தால் என்றால் தமிழ்நாட்டு வண்டிகள் எல்லையில் நின்றுவிடும். நம் கடை கேரளத்துக்குள் இருப்பதால் முன்ஷட்டரைப் பாதி இறக்கி ஒற்றுமை தெரிவித்துவிட்டு, பின்வாசல் வழியாகத் தக்காளி சாதம் போகும். எந்தக் கட்சி, எதற்காக என்றெல்லாம் மாப்பிள்ளை பார்க்கமாட்டான். எல்லாக் கட்சிக்கும் அவன் ஆதரவு உண்டு. 2019 ஜனவரியில் கேரள உயர் நீதிமன்றம், ஏழு நாள் முன்னறிவிப்பு இல்லாமல் ஹர்த்தால் கூடாது என்று சொல்லிவிட்டது. ஏழு நாள் முன்னாலேயே தெரிந்தால் எந்த டிரைவர் வந்து மாட்டுவார்? அதுவும் போயிற்று.

அதன் பிறகுதான் ஆலோசகர்கள் வரத் தொடங்கினார்கள்.

முதலில் வாஸ்து. பொள்ளாச்சியிலிருந்து வந்தவர், வாசல் இருக்கும் இடம் சரியில்லை, கிழக்கே திருப்பவேண்டும் என்றார். கிழக்கே தமிழ்நாடு. கொல்லங்கோட்டுப் பக்கத்திலிருந்து பிரஸ்னம் பார்க்க வந்தவர் சோழி உருட்டி, வாசல் நன்றாக இருக்கிறது, அடுப்புதான் இடம் மாறவேண்டும், மேற்கே கொண்டுபோங்கள் என்றார். மேற்கே கேரளம். மாப்பிள்ளை இரண்டு பேருக்கும் தட்சிணை கொடுத்து இரண்டையும் செய்தான். இப்போது அடுப்புக்கும் சாப்பாட்டு மேசைக்கும் நடுவே ஒரு நீண்ட வராந்தா. தோசை மேசைக்கு வருவதற்குள் தன் வாலிபத்தை இழந்துவிடுகிறது.

பிறகு பெரிய மாமனார். அவருக்குத் தமிழ்நாட்டு ஓட்டல் வரலாறு முழுக்க மனப்பாடம். 1981-இல் சென்னை கே.கே.நகரில் ஒரு மளிகைக்காரர் சரவண பவன் தொடங்கி உலகம் முழுக்கக் கிளை விட்ட கதையைக் கண்கலங்கச் சொல்வார். 2001 வருவதற்குச் சற்று முன்னால் கதையை நிறுத்திக்கொள்வார். அது முடிந்ததும் திண்டுக்கல். 1957-இல் ஆனந்த விலாஸ் என்ற பெயரில் தொடங்கிய பிரியாணி ஓட்டல், முதலாளி தலைப்பாகை கட்டியிருந்ததால் தலப்பாகட்டி ஆகிப் புகழ்பெற்றது. "பாத்துக்க, பேரு முக்கியமில்ல, ஆளுக்கு ஒரு அடையாளம் வேணும்" என்றார். மறுநாள் மாப்பிள்ளை தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்தான். வந்த ஒன்றிரண்டு பேரும் தலைவலியா, பல்வலியா என்று விசாரித்தார்கள். ஒரு மாட்டு வியாபாரி மட்டும் அனுபவசாலி. "கடன் அவ்வளவு ஆயிருச்சுங்களா?" என்று நேராகவே கேட்டுவிட்டார். துண்டு அன்று மாலையே தோளுக்கு இறங்கியது.

சாப்பாட்டையே மாற்றிப் பார்க்கலாம் என்று அடுத்து முடிவானது. இங்கேதான் எல்லைக்கடையின் உண்மையான துன்பம் இருக்கிறது.

கிழக்கிலிருந்து வருகிறவருக்கு வெள்ளைப் பொன்னிச் சோறு, வத்தக்குழம்பு, ரசம், பொரியல், அப்பளம். மேற்கிலிருந்து வருகிறவருக்குச் சிவந்த மட்டையரிசிச் சோறு, தோரன், அவியல், மோர்க்கறி, பப்படம். இதுவரை புரிகிறது, இரண்டு பானை வைத்தால் முடிந்தது என்று தோன்றும். ஆனால் கிழக்கிலிருந்து வருகிறவர் எதற்காக எல்லை தாண்டுகிறார்? கேரளச் சாப்பாடு சாப்பிட. கப்பையும் மீன்கறியும், பரோட்டாவும் பீஃப் வறுவலும் கேட்பார். மேற்கிலிருந்து வருகிறவர் தமிழ்நாட்டுக்குள் போகிற உற்சாகத்தில் பொடி தோசையும் சாம்பார் வடையும் கேட்பார். ஆக, தமிழருக்கு மலையாளச் சமையல், மலையாளிக்குத் தமிழ்ச் சமையல். சரி, அப்படியே செய்யலாம் என்றால், அதுவும் இல்லை. போகும்போதுதான் அந்த ஆசை. திரும்பி வரும்போது இருவருக்கும் சொந்த வீட்டுச் சோறு வேண்டும். குருவாயூரில் இரண்டு நாள் இருந்துவிட்டு வருகிற கோயம்புத்தூர்க் குடும்பத்துக்கு மட்டையரிசியைக் காட்டினால் குழந்தை அழுகிறது. ஆக, வண்டி எந்தத் திசையில் நிற்கிறது என்று பார்த்துத்தான் உலை வைக்கவேண்டும்.

மாஸ்டர் நெம்மாராக்காரர். எதற்கும் கலங்காதவர். ஆனால் தேங்காயெண்ணெய் விஷயத்தில் கலங்கினார். தேங்காய் விற்றே தோட்டமும் காரும் வாங்கிய எங்கள் பொள்ளாச்சிக்காரர்கள், கறியில் தேங்காயெண்ணெய் வாசனை வந்தால் மூக்கைச் சுளிப்பார்கள். "சாரே, நிங்ஙள் விற்குந்ந தேங்ஙா தன்னே இது" என்று மாஸ்டர் என்னிடம் முறையிட்டார். அதனால்தான் பிடிக்கவில்லை என்றேன். தோட்டக்காரனுக்குத் தெரியும், தேங்காய் வெளியூருக்கு அனுப்புகிற சரக்கு.

தண்ணீரில்கூடச் சிக்கல். கேரள முறைப்படி பதிமுகக் கட்டை போட்டுக் காய்ச்சிய இளஞ்சிவப்பு வெந்நீரை மேசையில் வைப்போம். உடம்புக்கு நல்லது, இரத்தத்துக்கு நல்லது என்பார்கள். தாராபுரத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார், பையனைப் பார்த்தார், பிறகு அமைதியாக அதில் கை கழுவிக்கொண்டு, "இப்ப குடிக்கிற தண்ணி கொண்டா சாமி" என்றார்.

சாப்பாட்டால் ஆகாது, ஊரில் கூட்டம் எதற்கு வருகிறதோ அதோடு ஒட்டிக்கொள்ளவேண்டும் என்றார் இன்னொரு ஆலோசகர். நியாயமான பேச்சு. ஊருக்குக் கூட்டம் வராமல் இல்லை. தமிழ்நாட்டில் 2003-இல் லாட்டரியை ஒழித்தார்கள். கேரளத்தில் 1967 முதல் அரசே நடத்துகிறது. ஆகவே எல்லை தாண்டிய முதல் அடியிலேயே லாட்டரிக் கடைகள் வரிசையாகத் தொடங்கிவிடும். பொள்ளாச்சி, உடுமலை, திருப்பூர் என்று பைக்கிலும் காரிலும் வந்து டிக்கெட் வாங்கிக்கொண்டு போகிறார்கள். மாப்பிள்ளை கல்லாவுக்கு மேலே தினமும் குலுக்கல் முடிவுத்தாளை ஒட்டினான். பார்க்க வருகிறவர் அப்படியே உட்கார்ந்து ஒரு டீ சொல்வார் என்பது திட்டம்.

பார்க்க வந்தார்கள். ஆனால் அந்தத் தாளைப் பார்த்த மனிதனுக்குப் பசி எடுப்பதில்லை என்பது யாருக்கும் முன்னால் தோன்றவில்லை. விழாதவருக்குச் சோறு இறங்காது. விழுந்தவர் நம் கடையில் ஏன் சாப்பிடவேண்டும்? நூறு ரூபாய் விழுந்தவர்கூட உடனே அந்த நூறுக்கும் டிக்கெட் வாங்கப் போய்விடுவார். 2023 ஓணம் பம்பரில் 25 கோடி ரூபாய் திருப்பூர்ப் பக்கத்து நண்பர்கள் நாலு பேருக்கு விழுந்தது. அந்த டிக்கெட் வாங்கியது வாளையாற்றில். அந்தச் செய்தி வந்த அன்று மாப்பிள்ளை சாப்பிடவில்லை. டிக்கெட் அவனுடையது அல்ல, நண்பர்கள் அவனுக்கு யாரென்றே தெரியாது, லாட்டரிக்கடையும் அவனிடம் இல்லை. ஆனாலும் கோவிந்தாபுரத்தில் வாங்கியிருக்கலாமே என்று ஒரு வாரம் புலம்பினான். ராசியான ஊர் என்று கூட்டம் இனி வாளையாற்றுக்குத்தான் போகும் என்பது அவன் கணக்கு.

லாட்டரிக்கு அடுத்தது கள். தமிழ்நாட்டில் 1987-இலிருந்து கள்ளுக்குத் தடை. இங்கேயோ சித்தூர் தாலுகாதான் கேரளத்தின் கள் களஞ்சியம்; காலையில் இங்கிருந்து வண்டிகளில் ஏற்றி மற்ற மாவட்டங்களுக்கே அனுப்புகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் பக்கத்து ஆட்கள் ஏதோ துக்கத்துக்குப் போகிற முகத்தோடு வேட்டி கட்டிக் கிளம்பி எல்லை தாண்டுவார்கள். இந்தக் கூட்டத்தைப் பிடித்தால் போதும் என்று மாப்பிள்ளை மிளகு போட்ட வாத்துக்கறி ஏற்பாடு செய்தான். ஆனால் கள்ளுக்கடை என்பது குடிக்கிற இடம் மட்டுமல்ல, மலையாள நாட்டின் மிகச் சிறந்த சமையலறை. கப்பை, கரிமீன், வாத்து எல்லாம் அங்கேயே காரசாரமாகக் கிடைக்கும்போது யார் வெளியே வந்து சாப்பிடுவார்கள்?

ஆனால் அவர்களும் நம் கடைக்குள் வரத்தான் செய்தார்கள். நேராகக் கல்லாவுக்கு வந்து, தட்டில் வைத்திருக்கிற சோம்பை ஒரு கை அள்ளி வாயில் போட்டு, இன்னொரு கை சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போவார்கள். வீட்டம்மா வாசனை பிடிக்கக் கூடாதே! அந்த மாதம் எங்கள் ஓட்டலில் மிக வேகமாகத் தீர்ந்த சரக்கு இலவசச் சோம்புதான். ஏலக்காய் வைத்தால் இன்னும் கூட்டம் வரும் என்று ஒருவர் யோசனை சொன்னார். அவரும் சட்டைப்பையைத் தட்டிக்கொண்டேதான் சொன்னார்.

விளம்பரத் தள்ளுபடி என்று ஒரு சங்கதி இருக்கிறது. தமிழ்நாட்டில் புதுக்கடை திறந்தால் பழைய நாணயத்துக்குப் பிரியாணி கொடுப்பது ஒரு மரபாகிவிட்டது. 2021 ஜூலையில் மதுரையில் ஒரு கடை 5 பைசாவுக்குப் பிரியாணி என்று அறிவித்தது. செல்லாத காசை எவன் வைத்திருக்கப் போகிறான் என்று நினைத்திருப்பார்கள். கொரோனாக் காலத்தில் முகக்கவசம்கூட இல்லாமல் நூற்றுக்கணக்கில் திரண்டுவிட்டார்கள். போலீஸ் வந்து கடையை மூடவேண்டியதாயிற்று. நம் ஜனங்களிடம் எந்தக் காசு இருக்கிறது, எது இல்லை என்பதை ரிசர்வ் வங்கிகூடச் சரியாகச் சொல்லமுடியாது. இதைக் காட்டி மாப்பிள்ளையை அந்தப் பக்கம் போகாமல் தடுத்தேன். ஆகவே அவன் பரோட்டாப் பக்கம் போனான்.

இருபது பரோட்டா ஒரே அமர்வில் சாப்பிட்டால் காசு வேண்டாம். 2009-இல் வெண்ணிலா கபடிக்குழு படத்தில் சூரி பரோட்டா தின்ற காட்சியைப் பார்க்காத தமிழன் கிடையாது. அந்தக் காட்சியால் அவர் பேரே பரோட்டா சூரி ஆயிற்று. சூரி கடைக்காரரின் கணக்கைக் குழப்பி முதலிலிருந்து தொடங்குகிற வித்தை நடக்காமலிருக்க, சுவரில் கோடு போடாமல் நோட்டில் எழுதுவது என் பொறுப்பு. கூட்டம் வந்தது, பொய் சொல்லக் கூடாது. கடை வாசலில் நிற்க இடமில்லை. ஆனால் சாப்பிட உட்கார்ந்தது ஒரே ஆள். மற்ற எல்லோரும் அவரைப் பார்க்க வந்தவர்கள்.

ஆனைமலைப் பக்கத்திலிருந்து வந்த தென்னை ஏறுகிற மனிதர். ஒல்லி. பார்த்தால் மூன்றாவதில் எழுந்துவிடுவார் என்று தோன்றும். பேசவே இல்லை. பிய்ப்பார், குருமாவில் தோய்ப்பார், மெல்லுவார். பத்து தாண்டியதும் மாஸ்டர் பரோட்டாவைக் கொஞ்சம் பெரிதாக வீசத் தொடங்கினார். பதினைந்தில் அவர் தண்ணீர் கேட்டார். கூட்டம் கைதட்டியது. இருபது முடிந்ததும் ஏப்பம்கூட விடாமல் மாப்பிள்ளையைப் பார்த்து, "இன்னும் ரெண்டு கட்டிக் குடுத்தீங்கன்னா பையனுக்கு ஆவுங்க. அதுக்குக் காசு குடுத்தர்றேன்" என்றார். அன்றைக்குப் பரோட்டா வரவு அந்த இரண்டு மட்டுமே. வேடிக்கை பார்த்தவர்கள் இளஞ்சிவப்புத் தண்ணீர் ஜக்குகளைக் காலிசெய்துவிட்டுக் கலைந்தார்கள். மாஸ்டருக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டு வைத்தியரிடம் எண்ணெய் போடப் போனார். அந்த எண்ணெய்ச் செலவும் நோட்டில் இருக்கிறது.

2023-இல் பக்கத்துக் கொல்லங்கோட்டுக்கு யோகம் அடித்தது. இந்தியாவின் அழகான கிராமங்கள் என்று இணையத்தில் ஒரு பட்டியல் வந்து, ஆனந்த் மஹிந்திரா அதைப் பகிர, பட்டியலில் கொல்லங்கோடும் இருக்க, ஞாயிற்றுக்கிழமைகளில் கோயம்புத்தூர்க் கார்கள் எல்லாம் வயலையும் தென்மலையையும் பார்க்க எங்கள் வாசல் வழியாகவே போயின. அங்கே ஒரு பழைய டீக்கடைக்கு முன்னால் மக்கள் வரிசையில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். யாரும் விளம்பரம் செய்யவில்லை. கடைக்காரர் பல வருஷமாகச் செய்த புண்ணியம், கடையை அவர் புதுப்பிக்காததுதான்.

மாப்பிள்ளையோ அப்போதுதான் கடன் வாங்கித் தரையெல்லாம் டைல்ஸ் போட்டு, சுவரில் பிளாஸ்டிக் கொடி படரவிட்டு, நீல விளக்கு மாட்டியிருந்தான். ரீல்ஸ் எடுக்கிற பையன் ஒருவனை அழைத்துவந்து காட்டினோம். அவன் நாலு மூலையிலும் போனைப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "அண்ணா, உங்க கடை பழசாவும் இல்ல, புதுசாவும் இல்லீங்ணா." எட்டு வருஷத்தில் எங்களுக்குக் கிடைத்த ஒரே நேர்மையான ஆலோசனை இதுதான் என்று நினைக்கிறேன். ஆனால் அதைச் சொல்ல அவன் கூலியோடு நாலு பேருக்குச் சாப்பாடும் வாங்கிக்கொண்டான். பிறகு வெளியான வீடியோவில் முதலமடை ரயில் நிலையத்தின் ஆலமரங்களும், மாந்தோப்புகளும், மீன்கரை அணையும் வந்தன. எங்கள் ஓட்டல் ஒரு இமைப்பொழுது, பஸ்ஸுக்குப் பின்னால். வீடியோவை நிறையப் பேர் பார்த்தார்கள். பார்த்தவர்கள் எல்லோரும் முதலமடை ஆலமரத்தைப் பார்க்கப் போனார்கள். மரத்தடியில் சுண்டல் விற்கிறவருக்கு நல்ல வியாபாரமாம்.

எதற்காவது ஒன்றுக்குப் பேர் வாங்கவேண்டும் என்று எனக்கும் தோன்றியதுண்டு. பாலக்காட்டுக்கு இந்தப்பக்கம் எலப்புள்ளி அருகே ராமசேரி என்று ஒரு சின்ன ஊர். காஞ்சிபுரத்துப் பக்கத்திலிருந்து எப்போதோ வந்த நெசவு முதலியார் குடும்பங்கள், மண்பானை வாயில் நூல்வலை கட்டி, துணி விரித்து, விறகடுப்பில் தட்டையாக ஒரு இட்லி சுடுகிறார்கள். நெடுஞ்சாலையை விட்டு உள்ளே இருக்கிற ஊர்தான். ஆனாலும் வழி கேட்டுக்கொண்டு கார்கள் போகின்றன. மாஸ்டரிடம் நம்மாலும் ஒன்று செய்யமுடியுமா என்று கேட்டேன். "சாரே, அவரு நாலஞ்சு தலமுறயாயிட்டு ஒரே இட்லி உண்டாக்குந்நு. நம்மள் ஆழ்ச்சதோறும் மெனு மாற்றுந்நு" என்றார். வாரத்துக்கு ஒருமுறை மெனு மாற்றுவது மாப்பிள்ளை என்பதால் நான் அந்தப் பேச்சை அத்தோடு விட்டுவிட்டேன்.

இத்தனை ஆண்பிள்ளைகள் இத்தனை யோசனை சொல்லிக்கொண்டிருந்தபோது, மாமியார் பின்கட்டில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அவரிடம் யாரும் கேட்கவில்லை. ஒருநாள் அவராகவே, "வர்ற காருல எறங்குற பொம்பளைங்க மொதல்ல என்ன கேக்கறாங்கன்னு யாராச்சும் கவனிச்சீங்களா?" என்றார். நாங்கள் கவனித்ததில்லை. "சாப்பாட்டைப் பத்தி ஒருத்தியும் கேக்கறதில்ல. பாத்ரூம் இருக்குதுங்களானுதான் கேக்கறாங்க. தோட்டத்துப்பக்கம் அக்கட்டால போங்கன்னு இவன் கை காட்டறான். அவங்க மொகம் சுளிச்சுட்டு மறுபடி கார்ல ஏறிக்கறாங்க."

குருவாயூரிலிருந்து விடிகாலையில் கிளம்பிய குடும்பம், பொள்ளாச்சி வரைக்கும் அடக்கிக்கொண்டு போகிறது. எந்த இடத்தில் கார் நிற்பது என்று ஓட்டுகிறவர் முடிவுசெய்வதாக நாங்கள் நினைத்திருந்தோம். பின்சீட்டில்தான் அந்த அதிகாரம் இருக்கிறது. லாரியை நிறுத்த அரசாங்கம் வேண்டியிருந்தது. காரை நிறுத்த ஒரு கதவு, ஒரு தாழ்ப்பாள், ஒரு வாளித் தண்ணீர் போதும்.

மாப்பிள்ளைக்கு இது அவமானமாகப் பட்டது. அப்பா காலத்து ஓட்டலைக் கக்கூஸ் வைத்து நடத்துவதா என்றான். மாமியார் தன் வளையலைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அதற்குப் பிறகு பேச்சில்லை. பெண்களுக்கு இரண்டு, ஆண்களுக்கு ஒன்று. வழுக்காத தரை, மாட்டுவதற்குக் கொக்கி, உள்ளே வெளிச்சம், எப்போதும் தண்ணீர். கழுவுவதற்கு ஒரு அம்மாவைச் சம்பளத்துக்குப் போட்டார் மாமியார். அந்தச் சம்பளம் பரிமாறுகிற பையனுடையதைவிட ஒரு ரூபாயும் குறையக் கூடாது என்பது அவர் உத்தரவு. பையன் முறைத்தான். "அவ லீவு போட்டா வியாபாரம் நின்னுபோகும். நீ லீவு போட்டா யாருக்கும் தெரியாது" என்றார்.

போர்டு எழுதுகிறவர் வந்தபோது இன்னொரு தகராறு. 'சுத்தமான கழிப்பறை உண்டு' என்பது ஓட்டல் பெயருக்கு மேலேயா, கீழேயா? கீழே என்றான் மாப்பிள்ளை. மேலே, தமிழிலும் மலையாளத்திலும், எட்டத்திலிருந்து தெரிகிற மாதிரி என்றார் மாமியார். மேலேதான் இருக்கிறது. அவசரத்தில் வருகிறவர்கள் அதையே ஓட்டலின் பெயர் என்று எடுத்துக்கொள்கிறார்கள். கூகுளில் ஒரு அம்மா ஐந்து நட்சத்திரம் போட்டு நாலு வரி எழுதியிருக்கிறார். நாலு வரியிலும் சாப்பாட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை.

தமிழனோ மலையாளியோ, அடுத்தவர் இடத்தைச் சும்மா பயன்படுத்திவிட்டுப் போவதற்குக் கூச்சப்படுகிறார்கள். வெளியே வந்து முகம் துடைத்துக்கொண்டு, மரியாதைக்கு ஒரு டீ சொல்கிறார்கள். டீ வருவதற்குள் குழந்தை கண்ணாடிப் பெட்டியில் பழம்பொரியைப் பார்த்துவிடுகிறது. பழம்பொரி தீர்வதற்குள் தாத்தா, சாம்பார் வாசனையாக இருக்கிறதே என்கிறார். பிறகு இலை. மாமனார் நம்பியது முழுப் பொய்யில்லை. நிற்கவைத்தால் அந்தச் சாம்பார் மற்றதைப் பார்த்துக்கொள்ளும். கார்த்திகை பிறந்தால் சபரிமலைச் சாமிகள், ஜனவரியிலிருந்து முதலமடை மாங்காய்க்கு வருகிற வியாபாரிகள். நாட்டின் மற்ற இடங்களுக்கு முன்னால் இங்கே மாங்காய் வந்துவிடும். கூடவே அவசரமும் வந்துவிடும்.

மாஸ்டருக்குத்தான் மனக்குறை. ஒருநாள் என்னைத் தனியாக அழைத்து, ஜனங்கள் திருப்தியோடு வெளியே வருவது தன் சமையலறைப் பக்கத்திலிருந்து இல்லையே என்று வருத்தப்பட்டார். நான் என்ன சொல்லித் தேற்றுவது?

எனக்கு வேறு தலைவலி. மாதம் ஒருமுறை தொட்டியை உறிஞ்ச வண்டி வரவேண்டியிருக்கிறது. அந்தச் செலவை நோட்டில் எந்தத் தலைப்பில் எழுதுவது? பராமரிப்பு என்றால் மனசாட்சி ஒப்பவில்லை. போன வாஸ்து, தலைப்பாகை, பரோட்டா, ரீல்ஸ் எல்லாவற்றையும் விளம்பரச் செலவில் எழுதியவன் நான். அவற்றில் எதுவும் ஒரு ஆளைக் கொண்டுவரவில்லை. ஆகவே தொட்டி வண்டியையும் விளம்பரச் செலவில்தான் எழுதுகிறேன். ஆடிட்டர் கேட்டார். விளக்கினேன். அவர் குருவாயூர் போகிறவர், ஒப்புக்கொண்டார். ஒரு காலத்தில் லாரிகள் நின்ற எங்கள் வாசலில் இப்போது ஒழுங்காக வந்து நிற்கிற லாரி அது ஒன்றுதான். அதன் டிரைவருக்கு இரண்டு வேளைச் சாப்பாடும் கொடுக்கிறோம்.

போன வாரம் எதிர்க்கடைக்காரர் பின்பக்கம் செங்கல் இறக்கினார். மூன்றாம் நாள் போர்டே வந்துவிட்டது: 'சாமிகள் குளிக்க வெந்நீர் உண்டு.' அன்று ராத்திரி பத்து மணிக்கு மாப்பிள்ளையின் போன்.

"மாமா, கீசர் வாங்குனா அதையும் விளம்பரத்துலயே எழுதிரலாமுங்களா?"